மாரிக்கு முன் விறகு சேமித்தல்

கமக்காரனுடைய வீட்டில் நெல் இருக்கலாம். மிளகாயும் வெண்காயமும் பயறும் இருக்கலாம். அவற்றை உணவாக்குவது அடுப்பு. அடுப்பை எரியச் செய்வது விறகு. விதைநெல்லைப் பற்றியும் பசளையைப் பற்றியும் பல மாதங்களுக்கு முன்பே எண்ணும் கமக்காரன், விறகைப் பற்றி மழை தொடங்கிய பின்னரே எண்ணுகின்றான். அதனால் வரும் துன்பத்தை அவனுடைய மனைவியும் மக்களுமே பெரிதும் அனுபவிக்கின்றனர்.

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் பெய்கின்றது. அக்காலத்தில் வெட்டிய விறகு உலர்வதில்லை. உலர்ந்த விறகும் வெளியே கிடந்தால் நனைந்துவிடும். எனவே மாரிக்கு வேண்டிய விறகு கோடையிலேயே வீட்டுக்கு வந்து சேர்தல் வேண்டும்.

எரிவாயு அடுப்பு வந்துவிட்டது, இனி விறகு எதற்கு எனச் சிலர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பட்டினத்தவரும் விறகு தேடி அலைந்ததை யாவரும் அறிவர். புயலும் வெள்ளமும் பாதைகளைத் துண்டிக்கும் நாட்களிலும் அத்தகைய நிலை நேரக்கூடும். எரிவாயு உள்ள வீட்டிலும் சில வாரங்களுக்குப் போதிய உலர் விறகு இருத்தல் நன்று.

ஒரே ஒழுங்கையில் இரு வீடுகள்

ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் உள்ளன எனக் கொள்க. இரண்டிலும் காணியளவு ஒன்றே; வேலியில் நிற்கும் மரங்களும் ஒரே வகையின.

முதல் வீட்டில் ஆடி மாதத்திலேயே வேலிமரங்களின் தடித்த கிளைகள் தறிக்கப்பட்டன. சோளகக் காற்று அவற்றை உலர்த்தியது. புரட்டாதி பிறக்குமுன் அவை கொட்டிலினுள் அடுக்கப்பட்டன. கார்த்திகையில் மூன்று நாள் விடாமழை பெய்தபோதும் அவ்வீட்டு அடுப்பு விடியற்காலையில் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. கமக்காரன் உண்டு வயலுக்குச் சென்று, வரம்பு உடைந்த இடத்தை நேரத்தோடு கட்டினான்.

இரண்டாவது வீட்டில் விறகு அன்றன்று தேடப்பட்டது. மழை நாளில் நனைந்த காவோலையும் பச்சைத் தடியும் அடுப்பில் வைக்கப்பட்டன. இல்லத்தரசி குழல் கொண்டு ஊதி ஊதிக் கண் சிவந்தாள். அடுக்களை முழுவதும் புகை சூழ்ந்தது. மூலையிற் படுத்திருந்த குழந்தை இருமியது. மண்ணெண்ணெய் ஊற்றியே தீ மூட்டவேண்டியதாயிற்று. குடிநீரைக் கொதிக்கவைக்க விறகில்லாமையால், வெள்ளம் கலந்த கிணற்று நீர் அப்படியே குடிக்கப்பட்டது. வயிற்றோட்டம் வந்தபின் ஆஸ்பத்திரிக்குச் சென்ற நாள், வயலுக்குச் செல்லாத நாளாயிற்று.

இவ்விரு வீடுகளுக்கும் உள்ள வேறுபாடு செல்வத்தால் வந்ததன்று. ஆடி மாதத்தில் செய்யப்பட்ட சில நாள் வேலையால் வந்தது.

ஈர விறகு ஏன் புகைகின்றது?

அப்போது வெட்டிய பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகும். இந்நீர் முழுவதும் ஆவியாகும் வரை விறகு நன்றாக எரியமாட்டாது. விறகு தரும் வெப்பத்தில் ஒரு பகுதி தன்னிலுள்ள நீரை ஓட்டுவதிலேயே செலவாகின்றது. அடுப்பின் சூடு குறைவதால், விறகிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் முற்றாக எரியாது புகையாக வெளியேறுகின்றன. புகை என்பது எரியாமல் வீணாகும் விறகேயாகும்.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 10 கிலோகிராம் பச்சை விறகில் 5 இலீற்றர் நீர் உள்ளது. ஓர் இலீற்றர் நீரை 30 பாகைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி வெப்பமும், பின்னர் அதனை முற்றாக ஆவியாக்க மேலும் 540 கிலோகலோரி வெப்பமும் வேண்டும். ஆகவே 5 இலீற்றர் நீரையும் ஓட்டுவதற்கு 3,050 கிலோகலோரி வெப்பம் செலவாகும்.

அதே விறகை நூற்றுக்கு 20 பங்கு ஈரம் எஞ்சும் வரை காற்றில் உலர்த்தினால், அதன் நிறை 6¼ கிலோகிராமாகக் குறையும். அதில் 1¼ இலீற்றர் நீரே இருக்கும். அதை ஓட்ட ஏறத்தாழ 760 கிலோகலோரி போதும். மிச்சமாகும் 2,290 கிலோகலோரி, 32 இலீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பமாகும். அடுப்பின் வெப்பம் முழுவதும் பானையைச் சேர்வதில்லையாதலால் இவ்வளவும் கைக்கு வருவதில்லை. எனினும், வெயிலும் காற்றும் கூலியின்றிச் செய்யும் வேலையின் அளவை இக்கணக்கு காட்டும்.

எப்போது வெட்டுதல் வேண்டும்?

தடித்த விறகு உலர நெடுநாள் வேண்டும். மெல்லிய விறகு விரைவில் உலரும். எனவே தடித்ததை முன்னரும் மெல்லியதைப் பின்னரும் வெட்டுதல் முறையாகும்.

கைமொத்தமும் அதற்கு மேற்பட்ட மொத்தமும் உள்ள கிளைகளை வைகாசி முதல் ஆடி வரையுள்ள காலத்தில் தறித்தல் வேண்டும். அக்காலத்து வெயிலும் சோளகக் காற்றும் அவற்றை இரண்டு மூன்று மாதங்களில் நன்றாக உலர்த்திவிடும். விரல்மொத்தமான தடிகளை ஆவணி மாதத்தில் வெட்டலாம். அவற்றுக்கு மூன்று நான்கு வாரங்கள் போதும்.

ஆவணியில் மெல்லிய கிளைகளை வெட்டுவதில் வேறொரு நன்மையும் உண்டு. காலபோக நெல் விதைப்புக்கு முன் வயலுக்குக் குழை தாழ்க்கும் காலம் அதுவே. கிளிரிசீடியா என்னும் சீமைக்கிளுவை, பூவரசு ஆகியவற்றின் குழையை வயலுக்கும், தடியை விறகுக்கும் பயன்படுத்தினால் ஒரே வேலையால் இரு பயன் கிடைக்கும். குழை நிலத்துக்கு நைதரசனையும் சேதனப் பொருளையும் தரும். வைகாசியில் வெட்டும் கிளைகளின் கிளிரிசீடியாக் குழையை ஆடுகளுக்கு இடலாம். அல்லது மரக்கறிப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடலாம்.

எவற்றை விறகாகக் கொள்ளலாம்?

கமக்காரனுடைய வளவிலேயே விறகாகத் தக்க பொருட்கள் பல உண்டு. அவற்றை ஒவ்வொன்றின் தன்மைக்கேற்பப் பயன்படுத்துதல் நன்று.

அடுப்பை மூட்டுவதற்குக் காவோலை, தென்னோலை, பன்னாடை, காய்ந்த பாளை ஆகியன ஏற்றவை. இவை விரைந்து பற்றி விரைந்து அணைவன. நின்று எரிவதற்குப் பனைமட்டை, தென்னம்மட்டை, பொச்சுமட்டை, பூவரசு, கிளிரிசீடியா ஆகியன உதவும். நெடுநேரம் தணல் காக்கும் தேவைக்கு வேம்பு, புளி, நாவல், உடை, சவுக்கு போன்ற வைரமான மரங்களின் கிளைகள் சிறந்தவை. சிரட்டையும் ஊமலும் நல்ல தணல் தருவன. முருங்கை, முள்முருக்கு போன்ற இலேசான மரங்கள் வெப்பம் குறைந்தவை. அவற்றுக்காகக் கொட்டிலில் இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

வெறுஞ் சிரட்டைகளையும் இளநீர்க் கோம்பைகளையும் மழைக்கு முன் பொறுக்கி உலர்த்துவது சுகாதாரத்துக்கும் ஏற்றது. வளவில் வாய் மேலாகக் கிடக்கும் சிரட்டையில் மழைநீர் தங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு அங்கே பெருகும். அடுப்புக்குப் போகும் ஒவ்வொரு சிரட்டையும் நுளம்பின் ஒரு தொட்டிலை அழிப்பதாகும்.

சில பொருட்களை ஒருபோதும் அடுப்பில் இடலாகாது. அலரி நஞ்சுள்ள மரம். அதன் புகையும் தீங்கானது. கரையோரங்களில் வளரும் தில்லையின் பால் கண்ணைக் கெடுக்கும்; அதன் புகையும் ஆகாது. நிறப்பூச்சுப் பூசிய பலகை, பிளாத்திக்குப் பைகள், கிருமிநாசினி இருந்த கலங்கள் ஆகியவற்றை எரித்தால் நச்சுப்புகை எழும். வைக்கோலையும் மாட்டெருவையும் எரிபொருளாக்குதல் நட்டமே. அவற்றின் இடம் வயலும் தோட்டமும் ஆகும்.

விறகுக்காகக் கண்ட மரத்தையெல்லாம் தறித்தலும் ஆகாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. ஒதுக்கக் காடுகளிலும் கண்டற் காடுகளிலும் மரம் வெட்டுதல் குற்றமாகும். ஐயமுள்ளவர்கள் தறிப்பதற்கு முன் கிராம அலுவலரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கொத்துதலும் உலர்த்துதலும்

மரப்பட்டை நீரை வெளியே விடாது காக்கும் போர்வை போன்றது. பட்டையோடு உருளையாகக் கிடக்கும் கட்டையில், நீர் பெரும்பாலும் இரு முனைகளாலேயே வெளியேறும். கட்டையைப் பிளந்தால் உள்மரம் வெளிப்பட்டு, நீர் விரைவில் நீங்கும். ஆகவே கைமொத்தத்துக்கு மேற்பட்ட கட்டைகளை வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே கொத்திவிடுதல் நன்று. பச்சையாக இருக்கும்போது பல மரங்கள் இலகுவில் பிளக்கும். காய்ந்தபின் கோடாலிக்கு இணங்கமாட்டா.

துண்டுகள் அடுப்பின் அளவுக்கு ஏற்ப ஒன்றரை முதல் இரண்டு சாண் நீளம் இருத்தல் போதும். எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே நீளமாக இருந்தால் அடுக்குதல் இலகுவாகும்.

கொத்திய விறகை நிலத்திற் குவியலாகப் போடலாகாது. குவியலின் நடுவில் உள்ளவை உலரமாட்டா. அடியில் உள்ளவற்றைக் கறையான் அரிக்கும். இரண்டு கட்டைகளின்மேல், ஒரு வரிசை நெடுக்கும் ஒரு வரிசை குறுக்குமாக, இடையிற் காற்றுப் புகுமாறு அடுக்குதல் வேண்டும். அடுக்கின் அகன்ற பக்கம் காற்று வீசும் திசையை நோக்கி இருத்தல் நன்று.

விறகு காய்ந்துவிட்டதென்பதை அறியச் சில அடையாளங்கள் உள. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்புகள் தோன்றும். பட்டை தானே கழன்றுவிழும். இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால், மந்தமான ஓசைக்குப் பதிலாகக் கணீரென்ற ஓசை எழும். இவற்றினும் உறுதியான முறை நிறுத்துப் பார்த்தலாகும். ஒரு துண்டுக்கு அடையாளமிட்டு, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தால் அதன் நிறை குறைந்துகொண்டே வரும். இரண்டு வாரங்களாக நிறை மாறாதிருந்தால் அத்துண்டு உலர்ந்துவிட்டதெனக் கொள்ளலாம்.

விறகுக் கொட்டில்

விறகுக் கொட்டில் பெருஞ் செலவில் அமைக்கவேண்டிய ஒன்றன்று. நான்கு கப்புகளும், கிடுகு அல்லது பனையோலைக் கூரையும் போதும். கூரை, வாடைக்காற்றோடு வரும் சாரல் உள்ளே அடிக்காதபடி வடகிழக்குப் பக்கத்தில் தாழ்ந்திருத்தல் வேண்டும். அப்பக்கத்துக்கு ஓலைச் செத்தை கட்டி, ஏனைய பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடலாம். நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல்லோ சீமெந்துக் கல்லோ வைத்து, அதன்மேல் தடி பரப்பி அடுக்கினால் வெள்ளமும் கறையானும் அணுகா.

கொட்டிலை வீட்டுச் சுவரோடு ஒட்டி அமைத்தல் நன்றன்று. விறகுக்குள் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். புடையன், விரியன், தேள், மட்டத்தேள் ஆகியன விறகடுக்கில் ஒதுங்கும் இயல்புடையன. ஆகவே விறகெடுக்கச் செல்பவர் முதலில் தடியால் அடுக்கைத் தட்டுதல் வேண்டும்; இருட்டில் விளக்கின்றிக் கைவைத்தலாகாது. சிறு பிள்ளைகளை விறகெடுக்க அனுப்புதலும் தகாது. பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், தீண்டப்பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

நாள்தோறும் வேண்டிய விறகை முதல்நாளே எடுத்து, அடுப்பின் மேலுள்ள பரணில் வைத்தால் எஞ்சிய ஈரமும் நீங்கும். ஆயின் அடுப்பு எரியும்போது தீப்பொறி எட்டாத உயரத்தில் பரண் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு விறகு வேண்டும்?

இதனை அவரவர் வீட்டிலேயே அளந்தறியலாம். ஒரு வாரம் முழுவதும் அடுப்புக்குச் செல்லும் உலர் விறகை நிறுத்து, மொத்தத்தை ஏழாற் பிரித்தால் ஒரு நாட் செலவு தெரியும். அது 5 கிலோகிராம் எனக் கொண்டால், மூன்று மாதங்களாகிய 90 நாட்களுக்கு 450 கிலோகிராம் வேண்டும். மழை நீடிக்கலாம், உறவினர் வந்து தங்கலாம். அதனால் காற்பங்கு கூட்டி, ஏறத்தாழ 560 கிலோகிராம் சேமித்தல் நன்று. பச்சை விறகு 10 கிலோகிராம் உலர்ந்து 6¼ கிலோகிராமாகும் என்று மேலே கண்டோம். ஆகவே ஏறத்தாழ 900 கிலோகிராம் பச்சை விறகு தறிக்கப்பட வேண்டும்.

தைப்பொங்கலுக்கும், காலபோக அறுவடையின் பின் நெல் அவிப்பதற்கும் வேண்டிய விறகு இக்கணக்கிற் சேரவில்லை. அவற்றுக்குத் தனியே ஒதுக்குதல் வேண்டும். நெல் அவிப்பதற்குக் கொட்டிலின் பின்வரிசையில் தடித்த கட்டைகளையும் பொச்சுமட்டையையும் அடுக்கிவிட்டால், மார்கழியில் அவை கைதவறிச் செலவாகா.

சிக்கனமும் புகையின்மையும்

சேமித்த விறகைச் சிக்கனமாக எரித்தலும் சேமிப்பின் ஒரு பகுதியே. திறந்த மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும்பகுதி பக்கங்களால் வீணாகின்றது. சுட்ட களிமண்ணால் ஆன, இரு பாத்திரங்களை ஒருங்கே ஏற்றக்கூடிய அனகி அடுப்பு குறைந்த விறகில் அதே வேலையைச் செய்யும். பாத்திரத்தை மூடிச் சமைத்தல், பயறு கடலை ஆகியவற்றை முன்னரே ஊறவைத்தல், கொதித்தபின் தீயைக் குறைத்தல் ஆகியனவும் விறகை மிச்சப்படுத்தும்.

விறகுப் புகை கண்ணை மட்டும் கெடுப்பதன்று. மூடிய அடுக்களையில் ஆண்டுக்கணக்காகப் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கு நுரையீரல் நோய்களும், சிறு குழந்தைகளுக்கு நிமோனியாவும் வரும் அபாயம் கூடுதலாகும். உலர் விறகு, கூரையில் ஒரு புகைபோக்கி, எதிரெதிராக இரு யன்னல்கள் ஆகிய மூன்றும் இருந்தால் இத்துன்பத்திற் பெரும்பகுதி நீங்கும். தணற்சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்குதல் உயிருக்கே ஆபத்தானது. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

புயலும் வெள்ளமும் வரும் நாட்களில்

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா புயலையும் மூத்தோர் நினைவிற் கொள்வர். இரண்டும் மாரியின் நடுவிலேயே வந்தன. அத்தகைய நாட்களுக்கென ஒரு வாரத்துக்குப் போதிய விறகையும், பன்னாடை, காய்ந்த சிராய் ஆகியவற்றையும் வீட்டினுள் உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். தீப்பெட்டிகளை இறுக மூடும் தகரப் பேணியில் இடுதல் நன்று. வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடித்தல் வேண்டும்.

2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த கடுங்குளிர் காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. கால்நடைகளுக்குக் காற்றுத் தடுப்பும் நனையாத இடமும் வைக்கோற் படுக்கையும் முதலில் வேண்டும். தீ மூட்டுவதாயின் கொட்டிலுக்கு வெளியே, வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில், ஆள் காவலோடு மூட்டுதல் வேண்டும்.

சாம்பலும் ஒரு செல்வம்

எரிந்த விறகின் சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் உள்ளன. மழையில் விட்டால் பொட்டாசியம் கரைந்தோடிவிடும். ஆகவே சாம்பலை மூடியிட்ட கலத்திற் சேர்த்தல் வேண்டும். கத்தரி, வாழை, பூசணி ஆகியவற்றுக்கு அளவாக இடலாம். யூரியாவோடும் அமோனியம் சல்பேற்றோடும் சாம்பலைக் கலக்கலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாக வீணாகும். புதிய சாம்பலில் தணல் மறைந்திருக்குமாதலால், முற்றாக ஆறியபின்னரே கலத்தில் இடுதல் வேண்டும்.

அடுத்த கோடைக்கு இன்றே

இவ்வாண்டு விறகு தேடி அலைந்தவர், மாரி தொடங்கியதும் வேலியில் கிளிரிசீடியாத் தடிகளை நடுதல் நன்று. ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமுள்ள முற்றிய தடிகளை மழையீரத்தில் ஊன்றினால் இலகுவில் வேர்கொள்ளும். நன்றாக வேரூன்றியபின், ஆண்டில் இரண்டு மூன்று முறை வெட்டினாலும் மரம் மீண்டும் தளிர்க்கும். அடிமரத்தில் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தை விட்டே வெட்டுதல் வேண்டும். வேலி, குழை, ஆட்டுத்தீன், விறகு ஆகிய நான்கும் ஒரே மரத்தாற் கிடைக்கும்.

மாதவாரியாகச் செய்யவேண்டியவை

வைகாசி முதல் ஆடி வரை: தடித்த கிளைகளைத் தறித்துக் கொத்தி, காற்றில் அடுக்கி உலர்த்துக.

ஆவணி: மெல்லிய கிளைகளை வெட்டி, குழையை வயலுக்கும் தடியை விறகுக்கும் ஆக்குக. கொட்டிலின் கூரையை வேய்க.

புரட்டாதி: முதல் மழைக்கு முன் விறகு முழுவதையும் கொட்டிலிற் சேர்க்க. ஓலை, பன்னாடை, சிரட்டை ஆகியவற்றைப் பொறுக்குக.

ஐப்பசி: அவசர நாட்களுக்குரிய விறகை வீட்டினுள் வைக்க. வேலிக்குக் கிளிரிசீடியாத் தடிகளை நடுக.

கார்த்திகை, மார்கழி: முன்வரிசையிலிருந்து எடுத்துச் செலவிடுக. கூரை ஒழுக்கைக் கவனிக்க.

தை, மாசி: பொங்கலுக்கும் நெல் அவிப்பதற்கும் ஒதுக்கியதைப் பயன்படுத்துக. எஞ்சியதை நிறுத்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டிய அளவைக் குறித்துக்கொள்க.